ரிட்டயர் ஆகுற தேதி முன்னாடியே தெரியும்தானே?

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, வாசிக்க வசதியாகத் திருத்தப்பட்டது.)

போன மாசம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி பண்ணோம். ஒரு தகரப் பெட்டியில என் தாத்தாவோட 1990-ஆம் வருஷத்து டைரி கிடைச்சது. தாத்தான்னா அம்மாவோட அப்பா. அரசு அலுவலகம் ஒண்ணுல கிளார்க்கா இருந்தவர். டைரியில் உணர்ச்சிகரமா எதுவும் எழுதியிருப்பார்னு எதிர்பார்க்காதீங்க. எல்லாமே செலவுக் கணக்குதான். பால், மளிகை, பஸ். ஆனா மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை ஒரே மாதிரி ஒரு வரி வந்துட்டே இருந்தது. "ஆபீஸ் போக வர பஸ். டீ. வரவில்லை."

என்ன வரவில்லைன்னு அம்மாகிட்ட கேட்டேன். "கிராஜுவிட்டி"ன்னு சொன்னாங்க.

தாத்தா ரிட்டயர் ஆனது 1989 ஜூன் 30. பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, கைக்கு வந்தது 1990 செப்டம்பர் கடைசியில். பதினஞ்சு மாசம். அதுக்கு நடுவுல தற்காலிக ஓய்வூதியம்னு ஒரு சின்னத் தொகை மட்டும் வந்துட்டிருந்தது. அந்தப் பணத்தை நம்பித்தான் சித்தி கல்யாணத்துக்குத் தேதி குறிச்சிருந்தாங்க. தேதியைத் தள்ளிப்போட முடியலை. தெரிஞ்சவர்கிட்ட இருபதாயிரம் ரூபா கடன், ரெண்டு ரூபா வட்டி. சிட்டியில வளர்ந்தவங்களுக்காகச் சொல்றேன்: ரெண்டு ரூபா வட்டின்னா நூறு ரூபாய்க்கு மாசம் ரெண்டு ரூபா. வருஷத்துக்கு 24 சதவீதம். மாசாமாசம் 400 ரூபா வட்டிக்கே போச்சு.

எந்த ஊர், எந்த ஆபீஸ்னு சொல்லப்போறதில்லை. அது முக்கியமும் இல்லை. எனக்கு வந்த கேள்வி வேற. ஒரு ஆபீஸ்ல எத்தனையோ விஷயம் எப்ப நடக்கும்னு யாருக்கும் தெரியாது. புயல் எப்ப வரும்னு தெரியாது, தேர்தல் முன்கூட்டியே வருமான்னு தெரியாது. ஆனா ஒருத்தர் வேலைக்குச் சேர்ந்து பிறந்த தேதியைப் பதிவேட்டுல எழுதுற அன்னைக்கே, அவர் எந்த மாசம் எந்தத் தேதி ஓய்வு பெறுவார்னு எல்லாருக்கும் தெரியும். முப்பது முப்பத்தஞ்சு வருஷம் முன்னாடியே தெரிஞ்ச ஒரு தேதிக்கு எப்படித் தயாராகாம இருக்க முடியும்? இந்த எபிசோட் அந்தக் கேள்வியைப் பத்தினதுதான்.

பேஷ்வாவின் பென்ஷன்

பென்ஷன் என்ற சொல் இந்திய வரலாற்றில் பெரிதாக அடிபடுவது ஒரு குமாஸ்தாவின் கதையில் அல்ல, ஒரு அரசரின் கதையில். 1818-ல் மராத்தியப் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சரணடைந்தார். நாட்டை எடுத்துக்கொண்ட கம்பெனி, அவரைக் கான்பூர் அருகே பித்தூருக்கு அனுப்பி, ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் ஓய்வூதியம் கொடுத்தது. 1851-ல் அவர் இறந்ததும் அந்தப் பணம் நின்றது. வளர்ப்பு மகனான நானா சாகிப், தனக்கு அது தொடர வேண்டும் என்று கேட்டார். கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி மறுத்துவிட்டார். நானா சாகிப் அசீமுல்லா கான் என்பவரை லண்டன் வரைக்கும் அனுப்பி மனுப் போட்டுப் பார்த்தார். பலன் இல்லை. 1857-ல் கான்பூர் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் அதே நானா சாகிப். கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆனா அவரோட தனிப்பட்ட மனக்குறையில் இந்தப் பென்ஷனுக்கு ஒரு இடம் இருக்குன்னு வரலாற்று நூல்கள் தவறாம சொல்லும்.

இதை ஏன் சொல்றேன்னா, கம்பெனி பார்வையில பென்ஷன்கிறது தயவு. நான் மனசு வெச்சு கொடுக்கிறேன், மனசு மாறினா நிறுத்துவேன். கேட்க உனக்கு உரிமை கிடையாது.

கம்பெனி போய் பிரிட்டிஷ் முடியாட்சி வந்த பிறகு இந்த மனப்பான்மை சட்டமாகவே ஆனது. 1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம். அரசு வழங்கும் ஓய்வூதியம் தொடர்பாக எந்த வழக்கையும் சிவில் நீதிமன்றம் ஏற்கக் கூடாது என்றது அதன் 4-ஆம் பிரிவு. கலெக்டர் சான்று கொடுத்தால் வழக்கை விசாரிக்கலாம் என்று ஒரு சின்ன வழி மட்டும் விட்டுவைத்தார்கள். கொடுக்க வேண்டியது அரசு, கேட்கப் போகலாமான்னு முடிவு பண்றதும் அரசோட கலெக்டர்.

நியாயமாச் சொல்லணும்னா, அந்தச் சட்டத்தில் நல்லதும் ஒண்ணு இருக்கு. பென்ஷன் பணத்தைக் கடனுக்காக ஜப்தி பண்ண முடியாது. கிழவரோட கஞ்சியில கடன்காரன் கை வைக்கக் கூடாதுன்னு நினைச்சிருக்காங்க. ஆனா அந்தக் கஞ்சியை அரசே ஊத்தலைன்னா என்ன பண்றது? அதுக்கு அதில் பதில் இல்லை.

ஒரு ஃபைலின் பயணம்

சுதந்திரம் வந்தது, அரசியல் சட்டம் வந்தது. ஆனா ஆபீஸ்ல ஃபைல் போற பாதை பெரிசா மாறலை. அந்தப் பாதையைத் தெரிஞ்சுக்காம தாமதம் ஏன் வருதுன்னு புரியாது. அதனால ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கோங்க.

ஒவ்வொரு அரசு ஊழியருக்கும் பணிப்பதிவேடு ஒன்று உண்டு. ஆபீஸ்ல எஸ்.ஆர். என்பார்கள். சேர்ந்த தேதி, பதவி உயர்வு, இடமாறுதல், எடுத்த விடுப்பு, வருடாந்திர ஊதிய உயர்வு எல்லாம் அதில் ஏறும். ஒவ்வொரு பதிவிலும் அதிகாரி கையெழுத்து வேண்டும். ஊழியர் இடம் மாறும்போது பதிவேடும் கூடவே பயணம் போகும். ஓய்வு நெருங்கும்போது அந்த ஆபீஸ், முழுப் பணிக்காலத்தையும் சரிபார்த்து ஓய்வூதியக் கருத்துருவைத் தயார் செய்யும். தமிழ்நாடு, கேரளா போன்ற மாநிலங்களில் அது மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போகும். ஏ.ஜி. ஆபீஸ் என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். அங்கே கணக்கைச் சரிபார்த்து ஆணை வழங்கினால், கருவூலம் பணம் கொடுக்கும். இதோடு இரண்டு சான்றுகளும் வேண்டும்: கடைசியாக வாங்கிய சம்பளம் எவ்வளவு என்று ஒன்று, அரசுக்கு இவர் தர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை என்று ஒன்று.

இப்ப கவனிங்க. இதில் ரிட்டயர் ஆகுறவர் கையில இருக்கிற காகிதம் எது? பிறப்புச் சான்று, குடும்ப போட்டோ, பேங்க் பாஸ்புக். அவ்வளவுதான். மத்த எல்லாமே ஆபீஸ் பீரோவுக்குள்ள இருக்கு. ஆனா அதைத் தேடி அலையுறது யாரு? பீரோவுக்கு வெளியே நிக்கிறவர்.

தாத்தா விஷயத்தில் சிக்கல் 1962-ல் வந்தது. அந்த வருஷம் ஆறு மாசம் வேற மாவட்டத்தில் வேலை பார்த்திருக்கார். அந்தப் பதிவில் கையெழுத்து விட்டுப்போயிருக்கு. 27 வருஷம் யாரும் கவனிக்கலை. ரிட்டயர் ஆகுற நேரத்தில் கண்டுபிடிச்சு, அந்த மாவட்டத்துக்குக் கடிதம் எழுதினாங்க. பதில் வரலை. நினைவூட்டுக் கடிதம். அதுக்கும் பதில் வரலை. தாத்தாவே பஸ் ஏறிப் போய், பழைய சம்பளப் பட்டியலைத் தேடி எடுக்கச் சொல்லி, கையெழுத்து வாங்கி வந்தார். இத்தனைக்கும், மத்தவங்க பென்ஷன் கருத்துருவை எழுதி அனுப்புற சீட்டுலயும் சில வருஷம் உட்கார்ந்தவர் அவர். "நான் உட்கார்ந்திருந்தப்ப இப்படி எத்தனை பேரை நிக்க வெச்சேனோ"ன்னு சொல்லிட்டே இருப்பாராம்.

மூன்று தீர்ப்புகள்

தயவு என்பது உரிமையாக மாறியதற்கு மூன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் முக்கியமானவை.

முதலாவது 1971. பீகார் கல்வித்துறையில் பணியாற்றிய தேவகிநந்தன் பிரசாத் என்பவரின் வழக்கு. நீண்ட நாள் பணிக்கு வரவில்லை, அதனால் வேலை தானாகவே போய்விட்டது, பென்ஷனும் கிடையாது என்றது மாநில அரசு. ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. ஓய்வூதியம் பெறுவது அரசின் விருப்பத்தைப் பொறுத்த விஷயம் அல்ல, அது ஊழியரின் சொத்து என்றது. 1871 சட்டம் சிவில் வழக்கைத்தான் தடுக்கிறது, அரசுக்கு ரிட் உத்தரவு போடுவதை அது தடுக்காது என்றும் சொன்னது. நூறு வருஷமா பூட்டியிருந்த கதவுக்குப் பக்கத்துலயே இன்னொரு கதவைத் திறந்து விட்டாங்க.

இரண்டாவது 1982 டிசம்பர் 17. நகரா வழக்கு. பென்ஷன் வாங்குற யாரைக் கேட்டாலும் இந்தப் பேரைச் சொல்வாங்க. 1979-ல் மத்திய அரசு பென்ஷன் கணக்கிடும் முறையை மேம்படுத்தியது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 31-க்கு முன்பே ஓய்வு பெற்றவர்களுக்கு அது கிடையாது என்றது. ஒரு நாள் முன்னாடி ரிட்டயர் ஆனவருக்கு ஒரு கணக்கு, அடுத்த நாள் ஆனவருக்கு வேற கணக்கு. பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து 1972-ல் ஓய்வு பெற்ற நகராவும், இன்னொரு ஓய்வூதியரும், ‘காமன் காஸ்’ என்ற பொதுநல அமைப்பும் வழக்குப் போட்டார்கள். நீதிபதி டி.ஏ. தேசாய் எழுதிய தீர்ப்பு, அந்தப் பாகுபாட்டை நீக்கியது. பென்ஷன் என்பது பிச்சையும் அல்ல, கருணையும் அல்ல. ஏற்கெனவே செய்த வேலைக்குத் தள்ளிவைத்துக் கொடுக்கப்படும் ஊதியம் என்று விளக்கியது. அதனால்தான் டிசம்பர் 17 ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

ஆனா எனக்குப் பிடிச்சது மூணாவது தீர்ப்பு. நகரா அளவுக்கு அதைப் பத்தி யாரும் பேசறதில்லை.

கேரள அரசு எதிர் பத்மநாபன் நாயர், 1984 டிசம்பர். அவர் ஓய்வு பெற்றது 1973 மே 19. ஓய்வூதியமும் பணிக்கொடையும் வந்தது 1975 ஆகஸ்ட் 14. கிட்டத்தட்ட ரெண்டே கால் வருஷம். பணம் முழுசா வந்தாச்சு. பெரும்பாலானவங்க அத்தோட விட்டிருப்பாங்க. அவர் விடலை. இத்தனை நாள் என் பணத்தை வெச்சிருந்ததுக்கு வட்டி எங்கேன்னு கேட்டு வழக்குப் போட்டார்.

அரசு என்ன சொல்லுச்சுன்னு கேளுங்க. கடைசிச் சம்பளச் சான்றை அவர் கொண்டுவந்து கொடுக்கவில்லை, அதனால்தான் தாமதம் என்றார்கள். அந்தச் சான்றைக் கொடுக்க வேண்டியது யார்? அரசின் கருவூல அதிகாரி. எங்க பீரோவுல இருக்கிற காகிதத்தை நீ ஏன் கொண்டுவரலைன்னு வெளியே நிக்கிறவரைக் கேட்ட கதை.

கீழ் நீதிமன்றம் 6 சதவீத வட்டி கொடுத்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தச் சின்னத் தொகையை எதிர்த்து அரசு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. அங்கேயும் தோற்றது. தீர்ப்பு ரொம்பச் சின்னது. அதில் சொன்னது இதுதான்: ஒருவர் ஓய்வு பெறும் தேதி முன்கூட்டியே நன்றாகத் தெரியும். தேவையான சான்றுகளை அதற்கு ஒரு வாரம் முன்பே தயார் செய்து, பணிக்கொடையை ஓய்வு பெறும் நாளிலோ மறுநாளோ கொடுப்பதற்கு என்ன தடை? இரண்டு மாதம் தாண்டினால் சந்தை விகிதத்தில் தண்ட வட்டி கொடுக்க வேண்டும்.

தாத்தா டைரியைப் படிச்சதும் எனக்கு வந்த அதே கேள்வியை, நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே நாட்டோட உச்ச நீதிமன்றம் கேட்டிருக்கு.

இன்னும் ரெண்டு விஷயம் அதில் உண்டு. 12 சதவீதம் கொடுக்கவே எங்களுக்கு விருப்பம், ஆனால் 6 சதவீதத்தை எதிர்த்து இவர் மேல்முறையீட்டில் கேட்கவில்லை, அதனால் உயர்த்த முடியவில்லை என்றார்கள் நீதிபதிகள். தாமதத்துக்குக் காரணமான அதிகாரியை வழக்கில் சேர்க்கவில்லை, அதனால் அவரைப் பொறுப்பாக்க முடியவில்லை என்றார்கள். கடைசியில் வட்டியைக் கொடுத்தது யார்? அரசு. அதாவது நம்ம வரிப்பணம். சான்றைத் தராம வெச்சிருந்தவருக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை.

1971 தீர்ப்பு, இது உன் பணம்னு சொன்னது. 1982 தீர்ப்பு, இது உன் உழைப்புக்கான கூலின்னு சொன்னது. 1984 தீர்ப்பு, அதை எந்தத் தேதிக்குள்ள தரணும்னு சொன்னது. என் கணக்குல, தேதி இல்லாத உரிமையும் தயவு மாதிரிதான். உனக்கு உண்டு, ஆனா எப்பன்னு நான்தான் சொல்லுவேன்னா, பித்தூர்ல பாஜிராவுக்குச் சொன்னதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

தீர்ப்பு இருந்தும்

தாத்தா ரிட்டயர் ஆனப்ப இந்தத் தீர்ப்பு வந்து நாலரை வருஷம் ஆகியிருந்தது. எங்க வீட்டில் யாருக்கும் தெரியாது. அவருக்கு வந்த பணிக்கொடை சுமார் நாற்பதாயிரம். ரெண்டு மாசம் தவணை போக, பாக்கி பதிமூணு மாசத்துக்கு 12 சதவீதம் போட்டா மாசம் 400 ரூபா. அவர் கடனுக்குக் கட்டின வட்டியும் மாசம் 400. சரிக்குச் சரி. மொத்தம் 5,200 ரூபா. பத்மநாபன் நாயருக்குக் கிடைச்ச 6 சதவீதமே கிடைச்சிருந்தாலும் அதில் பாதி வந்திருக்கும். தாத்தா கேட்கவே இல்லை. "பணம் வந்ததே பெரிசு, அதுல வட்டி வேறயா"ன்னுதான் சொல்லியிருப்பார்ங்கிறாங்க அம்மா.

இந்த மனசுதான் தாமதத்துக்குத் துணை போகுது. வருஷக்கணக்கா காத்திருந்தவருக்குப் பணம் வந்ததும் நிம்மதிதான் வருமே தவிர கோபம் வராது. அந்த நிம்மதியில தாமதத்தோட கணக்கு மறைஞ்சு போயிடும்.

கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. அரசுக் குடியிருப்பைக் காலி செய்யும் விஷயத்தைக் காட்டி, பாக்கி இல்லாச் சான்று தராமல் பணிக்கொடையை நிறுத்திவைத்த ஒரு வழக்கில், 1994-ல் உச்ச நீதிமன்றம் 18 சதவீத வட்டி கொடுக்கச் சொன்னது. ஹரியானாவில் 1998-ல் ஓய்வு பெற்று 2002-ல் பணம் வாங்கியவரின் வழக்கில் 2008-ல் இன்னொரு படி மேலே போனது. வட்டி தரணும்னு விதியே இல்லாவிட்டாலும், அரசியல் சட்டத்தின் அடிப்படை உரிமைகளை வைத்தே வட்டி கேட்கலாம் என்றது. கோவிட் காலத்தில் ஆந்திர அரசு சம்பளத்தையும் பென்ஷனையும் ஒரு பகுதி தள்ளிவைத்தது. அந்த வழக்கில் 2021-ல், தள்ளிவைத்த தொகைக்கு 6 சதவீத வட்டி போடச் சொன்னது உச்ச நீதிமன்றம். பெருந்தொற்று காலமானாலும் காத்திருப்புக்கு விலை உண்டு.

கடைசி நேரத்தில் வரும் இன்னொரு அதிர்ச்சியும் இருக்கு. இருபது வருஷம் முன்னாடி உங்க சம்பளத்தைத் தப்பா நிர்ணயம் பண்ணிட்டோம், கூடுதலாக் கொடுத்ததைப் பணிக்கொடையில பிடிக்கப்போறோம்னு ஒரு தணிக்கைத் தடை வரும். 2014-ல் ரஃபிக் மசீ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கும் எல்லை போட்டது. ‘சி’, ‘டி’ பிரிவு ஊழியர்களிடமிருந்தும், ஓய்வு பெற்றவர்கள் அல்லது ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களிடமிருந்தும், ஆபீஸ் தவறால் போன பணத்தைத் திரும்பப் பிடிக்கக் கூடாது என்றது.

கம்ப்யூட்டர் வந்த பிறகு

எதுவுமே மாறலைன்னு சொன்னா அது பொய். மத்திய அரசு விதிகளில், நிர்வாகக் காரணத்தால் பணிக்கொடை மூன்று மாதத்துக்கு மேல் தாமதமானால் வருங்கால வைப்பு நிதி விகிதத்தில் வட்டி உண்டு. மத்திய அரசின் சிவில் துறைகளில் 2017 ஜனவரி முதல் ‘பவிஷ்யா’ என்ற இணைய முறை கட்டாயமாக்கப்பட்டது. ஃபைல் இப்போ எந்த மேசையில இருக்குன்னு ஓய்வு பெறுகிறவரே பார்க்கலாம். 2014 நவம்பரில் வந்த ‘ஜீவன் பிரமாண்’ முறையால், உயிரோட இருக்கேன்னு நிரூபிக்க வருஷா வருஷம் வரிசையில நிக்கிற வேலை பலருக்குக் குறைஞ்சது.

ஆனா பழைய பதிவேட்டில் 1962-ல் விட்டுப்போன கையெழுத்தைக் கம்ப்யூட்டர் போட முடியாது. பணம் இல்லைன்னு நிறுத்தினால் சாஃப்ட்வேர் எதுவும் பண்ண முடியாது. 2024 ஜனவரியில், பொங்கலுக்கு முன்னாடி, அரசு பஸ் ஸ்ட்ரைக் நடந்தது ஞாபகம் இருக்கா? நம்மள்ல பல பேர் ஊருக்குப் போக முடியுமான்னுதான் கவலைப்பட்டோம். அந்த ஸ்ட்ரைக்கோட முக்கியக் கோரிக்கைகளில் ஒண்ணு, ஓய்வு பெற்ற போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு நிலுவையில் இருந்த அகவிலைப்படி.

இதைக் கேட்கிற உங்களில் பல பேர் ஐ.டி.யிலயோ தனியார்லயோ இருப்பீங்க. பென்ஷனே இல்லாத எங்களுக்கு இது எதுக்குன்னு தோணலாம். அரசு வேலையிலயும், தமிழ்நாட்டில் 2003 ஏப்ரலுக்கும், மத்திய அரசில் 2004 ஜனவரிக்கும் பிறகு சேர்ந்தவங்களுக்குப் பழைய பென்ஷன் திட்டம் இல்லாம போச்சு. எந்தத் திட்டம் நல்லதுங்கிறது தனி எபிசோடுக்கான சண்டை. ஆனா எந்தத் திட்டமா இருந்தாலும் அறுபது வயசுல ஒருத்தர் ஒரு கவுன்டர் முன்னாடி நிக்கணும். அவர் உங்க அம்மாவா இருக்கலாம், அப்பாவா இருக்கலாம்.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டில் அரசு வேலையில யாராவது இருந்தா, ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே அவங்க பணிப்பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்க. எல்லாப் பதிவிலயும் கையெழுத்து இருக்கா? பெயர், பிறந்த தேதி எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கா? வாரிசு நியமனம் சரியா இருக்கா? கூட இன்னொண்ணு. தாமதமானா, என்னைக்கு எந்தக் கடிதம் கொடுத்தோம்னு தேதியோட எழுதி வெச்சுக்கச் சொல்லுங்க. வட்டி கேட்கும்போது அதுதான் ஆதாரம். இதெல்லாம் ஆபீஸ் செய்ய வேண்டிய வேலைதான், தெரியும். ஆனா ஆபீஸ் செய்யலைன்னா அலையப்போறது அவங்கதான்.

தாத்தா அப்படி எழுதித்தான் வெச்சிருந்தார். 1990 பிப்ரவரி முதல் செப்டம்பர் வரைக்கும் "வரவில்லை"ன்னு எத்தனை தடவை வருதுன்னு எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது. வட்டி கேட்க அதைவிட நல்ல ஆதாரம் வேணுமா? அது ஆதாரம்னு அவருக்குத் தெரியலை, பஸ் செலவுன்னு நினைச்சு எழுதினார். செப்டம்பர் கடைசி வாரத்துல மட்டும் வரி மாறுது. "ஆபீஸ் போக வர பஸ். டீ இரண்டு. வந்தது."

டீ ஏன் ரெண்டுன்னு அம்மாகிட்ட கேட்டேன். அந்த சீட்டுல இருந்த கிளார்க்குக்கு ஒண்ணு வாங்கிக் கொடுத்திருப்பார்னு சொன்னாங்க.

உங்க வீட்டுல இப்படி ஒரு கதை இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.